வாசலில் நுழையாத மரிம்பா

லாஸ் ஹிகாராஸ் ஊரில் விடிந்ததும் முதலில் காதில் விழுவது எவேலியாவின் மாவு மில் சத்தம். அந்தச் சத்தத்தையும் மீறிக் கேட்பது எவேலியாவின் குரல். சுண்ணாம்புத் தண்ணீரில் வெந்த மக்காச்சோளத்தை வாளி வாளியாகச் சுமந்துவந்து பெண்கள் வரிசையில் நிற்பார்கள். மில்லின் வாயில் சோளத்தைக் கொட்டியபடியே எவேலியா பாடிக்கொண்டிருப்பாள். பாதிப் பேர் கத்தோலிக்கப் பெண்கள். அவர்கள் எவேலியா போகும், ஊரார் அல்லேலூயாச் சபை என்று சொல்லும் சிறு சபையின் வாசலை மிதித்ததே கிடையாது. ஆனாலும் மாவு வாங்கிப் போகிறவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அவள் பாட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டு போவார்கள்.

அவள் பாடியதெல்லாம் வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து அவளே கட்டிய பாட்டுகள். கட்ட வேண்டும் என்று உட்கார்ந்து கட்டியவை அல்ல. சபையில் சேர்ந்த புதிதில், வெள்ளைக்கார மிஷனரிகள் தங்கள் மொழியிலிருந்து ஸ்பானிஷுக்கு மாற்றிக் கொடுத்திருந்த பாட்டுப் புத்தகத்தைத்தான் அவளும் பாடினாள். அதில் வார்த்தை ஒரு பக்கம் இழுக்கும், மெட்டு இன்னொரு பக்கம் இழுக்கும். 'இதயம்' என்ற சொல்லை மூன்று துண்டாக வெட்டி, நடுத்துண்டை மட்டும் மூச்சு முட்டும்வரை இழுக்கச் சொல்லும். "பேசுற மாதிரி பாட முடியாதா?" என்று ஒருநாள் அவள் கேட்டாள். பாஸ்டர் எலெயாசார், "முடிஞ்சா நீயே செய்" என்றார். அவர் சும்மா சொன்னது. அவள் செய்துவிட்டாள்.

முதலில் இருபத்துமூன்றாம் சங்கீதம். பிறகு நூற்றிருபத்தொன்று, மலைகளைப் பார்த்துப் பாடுவது. அதன் பிறகு தொண்ணூற்றெட்டு: ஆண்டவருக்குப் புதுப்பாட்டுப் பாடுங்கள் என்று தொடங்குவது. இந்தத் தொண்ணூற்றெட்டுதான் பிய்த்துக்கொண்டு போனது. சந்தைக்கு வந்தவர்கள் கேட்டுப் போனார்கள், கல்யாணத்துக்கு வந்தவர்கள் கற்றுப் போனார்கள். பள்ளத்தாக்கில் உள்ள சபைகள் எல்லாவற்றிலும், மேலே மலையில் இருந்த சபைகளிலும்கூட, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாட்டு இல்லாமல் கூட்டம் முடிவதில்லை. அதில் ஒரே ஒரு குறை. சங்கீதத்தின் கடைசிப் பகுதி, கடல் முழங்கும், ஆறுகள் கைதட்டும், மலைகள் சேர்ந்து பாடும் என்று வரும் இடம், அது மட்டும் எந்த மெட்டிலும் உட்காரவில்லை. எவேலியா எத்தனையோ காலைகளில் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். பாட்டு பாதியில் நின்றாலும் யாரும் குறை சொல்லவில்லை.

அந்த வருஷம் சபைகளின் கூட்டம் லாஸ் ஹிகாராஸில் நடப்பதாக முடிவானது. இதற்கு முன் பெரிய ஊர்களில்தான் நடக்கும். பாஸ்டர் எலெயாசாருக்குக் கால் தரையில் படவில்லை. சுவருக்கு வெள்ளையடித்தார், பெஞ்சுகளுக்கு ஆணி அடித்தார். வெள்ளிக்கிழமை காலை கால்மிதி ஹார்மோனியத்தைத் துடைக்கத் திறந்தபோதுதான் துருத்தியின் தோலை எலி தின்றிருப்பது தெரிந்தது. மிதித்துப் பார்த்தார். சளி பிடித்தவன் மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

செய்தி கேட்டு எவேலியா மாவுக் கையோடு ஓடிவந்தாள். பாஸ்டரின் மனைவி கெரூபினா அம்மாள் ஹார்மோனியத்துக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பருத்த உடம்பு, எதற்கும் பதறாத முகம்.

"நல்லா வயிறு முட்டத் தின்னிருக்கு" என்றாள் தலையை வெளியே எடுத்து. "இது இனிமே பாடாது."

"ஞாயித்துக்கிழமை அத்தனை சனமும் வருது. வாத்தியம் இல்லாம எப்படி?" என்றார் பாஸ்டர்.

"எவேலியாவோட அண்ணன் வீட்ல மரிம்பா இருக்கே."

"கெரூபினா!"

"என்னங்க கெரூபினா? இருக்கிறதைத்தானே சொன்னேன்."

எவேலியா தரையைப் பார்த்தாள். அவள் மனம் திரும்பி இந்தச் சபைக்கு வந்த நாளில் பாஸ்டர் கேட்டுக்கொண்டது அந்த ஒன்றைத்தான். மரிம்பா சாராயக்கடைக்கும் ஆட்டத்துக்கும் உரியது, அதை விட்டுவிட வேண்டும். அவள் விட்டாள். விடுவது லேசாக இருக்கவில்லை. அவள் அப்பா பிதென்சியோ, அண்ணன் அபுந்தியோ, தம்பி நிகாந்த்ரோ, அவள், இந்த நால்வரும்தான் அந்தப் பக்கத்திலேயே பேர்பெற்ற மரிம்பாக் குழு. ஆள் உயரத்தைவிட நீண்ட மரப்பலகை வாத்தியம் அது. அதன் முன்னால் வரிசையாக நின்று ரப்பர் தலை வைத்த குச்சிகளால் அடிப்பார்கள். பலகைகளுக்குக் கீழே தொங்கும் மரக்கூடுகளில் பன்றிக் குடலின் மெல்லிய தோலை ஒட்டியிருப்பதால் ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னால் வண்டு பறப்பதுபோல ஓர் அதிர்வு எழும். எவேலியா நின்றது கோடியில், கனத்த சுரங்கள் இருக்கும் பக்கம். "என் பொண்ணு கை இறங்கினா தரை நடுங்கும்" என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

பாஸ்டர் வேதாகமத்தை எடுத்தார். சங்கீதப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி விரல் வைத்துப் படித்தார். "எக்காளம் இருக்கு. யாழ் இருக்கு. குழல், தாளம் எல்லாம் இருக்கு. மரிம்பா இல்லை."

"ஹார்மோனியம் இருக்கான்னு பாருங்க" என்றாள் கெரூபினா.

பாஸ்டர் பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார். அந்த விரல் பக்கத்தின் அடியிலேயே வெகுநேரம் நின்றது.

"அந்த வரிக்கு மேல என்ன போட்டிருக்கு? நடனத்தோடன்னு இல்ல?" என்றாள் கெரூபினா.

"அதெல்லாம் அந்தக் காலத்து எபிரேய நடனம்" என்றார் பாஸ்டர். பிறகு பெருமூச்சு விட்டார். "சரி எவேலியா. ஒருநாள் மட்டும். ஆனா ஒண்ணு. சபையில ஆட்ட மெட்டு ஒண்ணுகூடக் கேக்கக் கூடாது."

*

அபுந்தியோ வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து குச்சிகளுக்கு ரப்பர் சுற்றிக்கொண்டிருந்தான். தங்கை உள்ளே வருவதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க அல்லேலூயாக்காரி. வழி தவறி வந்துட்டீங்களா?"

"உன்னைப் பாக்கத்தான் வந்தேன்."

"அப்ப யாரோ செத்துட்டாங்க. இல்ல, ஏதோ வேணும்."

"வேணும்" என்றாள் எவேலியா. விஷயத்தைச் சொன்னாள்.

அபுந்தியோ சிரித்தான். ஊறுகாயைக் கடித்தவன் முகம்போல இருந்தது அந்தச் சிரிப்பு. "சாத்தானோட பெட்டியைக் கடன் கேக்குறியா? உங்க பாஸ்டருக்குத் தெரியுமா? அப்பாவைப் புதைச்ச அன்னிக்கு நாங்க வாசிச்சோம். மேயர் வந்தாரு. பரம எதிரியா இருந்தவன்லாம் வந்தான். கோடியில உன் இடம் காலியா கிடந்துச்சு. நான் நடுவுல நின்னுக்கிட்டே இடது பக்கம் கையை நீட்டி நீட்டி அடிச்சேன். அதை நான் மறக்கலை எவேலியா."

"வந்தேன்" என்றாள் அவள்.

"எங்க வந்தே?"

"நீங்கள்லாம் போன பிறகு வந்தேன். பாஸ்டருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், கையால வாசிக்க முடியலை. தனியா நின்னு பாடினேன். மலைகளை ஏறெடுத்துப் பாக்குற சங்கீதம். கல்லறைக்காரன் மட்டும் மண்வெட்டியோட நின்னு கேட்டான். முடிஞ்சதும் இன்னொரு தடவை பாடச் சொன்னான்."

அபுந்தியோ கையிலிருந்த ரப்பரை இழுத்து இழுத்துச் சுற்றினான். அளவுக்கு மேல் சுற்றிவிட்டான். "இத்தனை வருஷமா இதைச் சொல்லலியே."

"நீ கேக்கலியே."

உள்ளேயிருந்து தம்பி நிகாந்த்ரோ காப்பிக் குவளையோடு வந்தான். அவன் எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறான் என்பது அவன் கண்ணிலேயே தெரிந்தது. "அக்கா, உக்காரு. சக்கரை ரெண்டு கரண்டிதானே?" என்றான்.

"கடன் கொடுக்க மாட்டேன்" என்றான் அபுந்தியோ. "மரிம்பா வரணும்னா நாங்களும் வருவோம். கோடியில நீ நிக்கணும். இப்ப அந்த இடத்துல முடிவெட்டுறவன் நிக்கிறான். அவன் கை சுரத்தைத் தேடிப் போறதுக்குள்ள பாட்டே முடிஞ்சிடும். என்ன சொல்றே?"

"காப்பியைக் குடிச்சிட்டுச் சொல்றேன்" என்றாள் எவேலியா. ஆனால் குவளையை வைத்துவிட்டு எழுந்து நேராக மரிம்பாவிடம்தான் போனாள். மேலே கிடந்த துணியை விலக்கினாள். மரத்தின் வாசனை அப்படியே இருந்தது.

மூவரும் நின்றார்கள். நிகாந்த்ரோ மெல்லிய சுரங்களின் பக்கம், அபுந்தியோ நடுவில், அவள் கோடியில். "எங்களுக்கு உங்க பாட்டெல்லாம் தெரியாது" என்றான் அபுந்தியோ. "நீ பாடு. நாங்க பின்னாலேயே வந்து பிடிச்சிக்கிறோம்."

எவேலியா தொண்ணூற்றெட்டை எடுத்தாள். புதுப்பாட்டுப் பாடுங்கள். முதல் வரியிலேயே அவள் கை தானாக இறங்கியது. கனத்த சுரம் ஒன்று, லேசாக இரண்டு, கனத்தது ஒன்று, லேசாக இரண்டு. எந்தப் பலகை என்று அவள் யோசிக்கவே இல்லை. கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இரண்டாம் வரி முடிவதற்குள் அபுந்தியோவும் நிகாந்த்ரோவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அடுத்த கணம் இருவரும் சேர்ந்து பாய்ந்தார்கள். பின்னாலேயே வந்து பிடிப்பதாகச் சொன்னவர்கள் அவளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வளைவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எவேலியாவின் குச்சிகள் அந்தரத்தில் நின்றன.

"இது அப்பாவோட வால்ட்ஸ், அந்த ஆட்ட மெட்டு" என்றாள்.

"ஆமா" என்றான் நிகாந்த்ரோ. "வேற என்னன்னு நினைச்சே?"

"நானா கட்டினேன்னு நினைச்சேன்!"

அபுந்தியோவுக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. இந்த முறை புளிப்பில்லாத சிரிப்பு. பலகையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். "நீ எப்பவும் கோடியில நின்னு பூம் சக் சக் அடிச்சவ. மெட்டு அப்பா கையில போச்சு. காதுல விழுந்தது எங்கயோ உள்ள போய் உக்காந்திருக்கு. ஐயோ, மலைமேல இருக்கிற சபையில எல்லாம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அப்பாவோட சாராயக்கடை வால்ட்ஸா பாடுறாங்க? முழங்கால்ல நின்னா?"

"நின்னுக்கிட்டுத்தான்" என்றாள் எவேலியா. அவளுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. பாஸ்டர் சொன்ன வார்த்தை காதில் ஒலித்தது. ஆட்ட மெட்டு ஒன்றுகூடக் கூடாது.

"அது சரி, ரெண்டாம் பாகத்தை ஏன் விட்டே?" என்று கேட்டான் நிகாந்த்ரோ.

"என்ன ரெண்டாம் பாகம்?"

அவன் வாசித்துக் காட்டினான். மெட்டு சட்டென ஒரு படி மேலே ஏறியது, மூடிக் கிடந்த வீட்டில் ஜன்னலைத் திறந்ததுபோல. அபுந்தியோ சேர்ந்துகொண்டான். எவேலியா கேட்டுக்கொண்டே நின்றாள். இரண்டாம் முறை வரும்போது அவள் வாய் தானாகத் திறந்தது. கடல் முழங்கட்டும், அதில் வாழ்வதெல்லாம் முழங்கட்டும். ஆறுகள் கைதட்டட்டும். இத்தனை வருஷம் எந்த மெட்டிலும் உட்காராத வார்த்தைகள், சொந்த வீட்டுக்குள் நுழைகிறவர்கள்போல ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின. ஒரு அசையைக்கூட வெட்ட வேண்டியிருக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேல் தலையை நீட்டி, "எவேலியாவா அது? மரிம்பாவிலயா?" என்று கத்தினாள். மூவரும் மூன்றாம் முறை அதே இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

*

சனிக்கிழமை காலை மில்லைக் கணவனிடம் விட்டுவிட்டு எவேலியா பாஸ்டர் வீட்டுக்குப் போனாள். மறைத்து வைத்துக்கொண்டு மறுநாள் வாசிக்க அவளுக்கு மனம் வரவில்லை. பாஸ்டர் பிரசங்கத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். கெரூபினா அம்மாள் நாளைய கூட்டத்துக்கு வாழையிலையைத் தீயில் வாட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

எவேலியா ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தாள். பாஸ்டரின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது.

"தொண்ணூத்தெட்டாம் சங்கீதமா?"

"ஆமாங்கய்யா."

"ஞானஸ்நானத்துக்குப் பாடினோமே, அதுவா?"

"அதுதாங்கய்யா. எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது."

"பிதென்சியோவோட வால்ட்ஸ்" என்றார் பாஸ்டர். நாற்காலியில் சாய்ந்தார். "ஆறு வருஷமா நான் மேடையில நின்னு ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு..."

இலையை வாட்டிக்கொண்டிருந்த கெரூபினா திரும்பிப் பார்க்காமலே, "எனக்கு முதல் நாளே தெரியும்" என்றாள்.

பாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன தெரியும்?" என்றார் பாஸ்டர்.

"அது பிதென்சியோ வால்ட்ஸ்னு. ஏங்க, எங்க அத்தை மக கல்யாணத்துல நீங்க என்னை முதல்ல ஆடக் கூப்பிட்டது எந்தப் பாட்டுக்கு? உங்க புது ஷூ கடிச்சு நொண்டிக்கிட்டே ஆடினீங்களே, எந்தப் பாட்டுக்கு? அந்தப் பாட்டை எவேலியா சபையில எடுத்தப்ப எனக்கு அழுகையே வந்திடுச்சு. பரிசுத்த ஆவி இறங்கிட்டாருன்னு எல்லாரும் நினைச்சாங்க. இறங்கித்தான் இருப்பாரு."

"ஏண்டி எங்கிட்ட சொல்லலை?"

"நீங்க அவ்வளவு அழகா பாடிக்கிட்டிருந்தீங்க. சொன்னா நிறுத்திடுவீங்க."

பாஸ்டர் எலெயாசார் எழுந்தார். ஜன்னல் வரை போனார், திரும்பி வந்தார். எவேலியாவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கடைசியில், "ஷூ கடிச்சது உண்மைதான்" என்றார். கெரூபினா இலையைக் கீழே போட்டுவிட்டு சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாஸ்டரின் தோள் குலுங்குவதைப் பார்த்து எவேலியா முதலில் பயந்துவிட்டாள். அவர் சிரிக்கிறார் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் ஆனது.

"பாவம் பிதென்சியோ" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எத்தனை தடவை அவரைச் சபைக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். வரவே மாட்டேன்னாரு."

"அவருதான் உங்களுக்குத் தெரியாமலே வந்து உக்காந்துட்டாரே" என்றாள் கெரூபினா.

*

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்பே லாரிகள் வர ஆரம்பித்தன. தொப்பியைக் கையில் பிடித்த ஆண்கள், தலையில் பானையோடு பெண்கள், தூசி படிந்த வெள்ளைச் சட்டைகள். அபுந்தியோவும் நிகாந்த்ரோவும் மரிம்பாவைத் தோளில் சுமந்து ஊர் மைதானத்தைக் கடந்தார்கள். அந்த நேரம் பார்த்தா கத்தோலிக்கரின் பெரிய கோயிலில் பூசை முடிந்து சனம் வெளியே வர வேண்டும்!

"என்ன அபுந்தியோ, நீயும் அல்லேலூயா ஆயிட்டியா?" என்று படியில் நின்ற ஒருவன் கத்தினான்.

"கூப்பிட்டது என் தங்கச்சி. நீ கூப்பிட்டா உன் வீட்டுக்கும் வருவேன், சோறு போடுவியா?"

"மரிம்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் போறாங்களாம்" என்றான் இன்னொருவன். சிரித்துக்கொண்டே நாலு பேர் பின்னால் நடந்தார்கள். நாலு பேரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள்.

சபை வாசலில்தான் சிக்கல் வந்தது. தெருத் தூசி உள்ளே வராமல் இருக்க வாசலுக்கு நேரே உட்பக்கம் பாஸ்டர் ஒரு சுவர் எழுப்பியிருந்தார். ஆட்கள் பக்கவாட்டில் திரும்பிப் போக வேண்டும். மரிம்பா திரும்பவில்லை. தலைப்பக்கம் உள்ளே போனால் வால்பக்கம் தெருவில் நின்றது. சரித்துப் பார்க்கலாம் என்றார் ஒருவர். "சரிச்சா கூடெல்லாம் உதிர்ந்திடும்யா, பானையா இது?" என்று அபுந்தியோ சீறினான். கால்களைக் கழற்றினார்கள், அப்போதும் போகவில்லை. மறுபடி மாட்டினார்கள். உள்ளே இருந்தவர்கள் இழு என்றார்கள், வெளியே இருந்தவர்கள் தள்ளு என்றார்கள். ஒரு பெரியவர் சுவரையே இடித்துவிடலாம், நான் கொத்தனார்தான் என்று சட்டைக் கையை மடக்க ஆரம்பித்துவிட்டார்.

பாஸ்டர் எலெயாசார் மரிம்பாவுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நின்றார். தொப்பி நசுங்கியிருந்தது. "விடுங்க" என்றார். "பெஞ்சை எல்லாம் வெளியே எடுங்க. எல்லாரும் மாமரத்தடிக்கு வாங்க."

பெஞ்சுகள் வெளியே வந்தன. மரத்தடி போதாமல் கூட்டம் தெருவிலும் வழிந்தது. பின்னால் வந்த கத்தோலிக்கர்கள், போவதா நிற்பதா என்று தெரியாமல் எதிர்ச் சாரியில் நிழல் பார்த்து நின்றுகொண்டார்கள்.

மலைச் சபையின் மூப்பர் தோரிபியோவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. கயிறு முறுக்கியதுபோல ஒட்டிய உடம்பு, கருத்த முகம். மரிம்பாவைப் பார்த்ததும் எழுந்தார். "பாஸ்டர், இது சாராயக்கடை மேளம். இதுக்கு நான் உக்கார மாட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, தான் வந்த லாரிக்கு நடந்தார். லாரி ஓட்டி வந்தவனோ முன் பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தான், அசையவில்லை. தோரிபியோ தனியாக லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

எவேலியா குச்சிகளை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அத்தனை முகங்கள். எதிர்ச் சாரியில் அவளை அல்லேலூயாக்காரி என்று கூப்பிடும் வாடிக்கைக்காரிகள். பக்கத்தில் அண்ணன். "அப்பா மாதிரி வேகமா போயிடாதே" என்று அவன் காதில் சொன்னாள். "சபை மூச்சு வாங்கிப் பாடணும்."

"நீ சொல்ற வேகம்தான்" என்றான் அபுந்தியோ. இப்படிப் பணிவாக அவன் பேசி அவள் கேட்டதே இல்லை.

தொடங்கினார்கள். மெதுவாக, அடக்கமாக. முதல் வரியிலேயே கூட்டம் சேர்ந்துகொண்டது. பள்ளத்தாக்கும் மலையுமாகப் பல வருஷம் தனித்தனியாகப் பாடியவர்கள், முதல்முறையாக ஒரே மரிம்பாவுக்கு ஒன்றாகப் பாடினார்கள். வந்திருந்த சபைகள் நாலும் நாலு விதமாகப் பழகியிருந்தன. ஒரு வரியில் நாலு இழுப்பு. ஆனால் மரிம்பா நடுவில் ஓடும்போது எல்லாம் அதன் கரைக்குள் அடங்கின. எவேலியா பாடியபடியே அடித்தாள். தரை நடுங்கியதா என்று அவளுக்குத் தெரியாது, அவள் நெஞ்சு நடுங்கியது.

முதல் பாகம் முடிந்த இடத்தில் லாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தோரிபியோ இறங்கி நேராக மரிம்பாவை நோக்கி வந்தார். கூட்டம் வழிவிட்டது. பாஸ்டர் நடுவில் வந்து நிற்கப் பார்த்தார். தோரிபியோ அவரை விலக்கிவிட்டு அபுந்தியோவின் முன்னால் நின்றார். நரம்பு புடைத்த விரலை நீட்டினார்.

"நீ பிதென்சியோ மகன்தானே?"

"ஆமா."

"இவ்வளவு மெதுவா வாசிக்கிறியே, வெக்கமா இல்லை? இழவு வீடா இது? உங்கப்பன் இப்படியா வாசிப்பான்? லாரிக்குள்ள உக்காந்து கேக்க முடியலை. பாதி ஆள் தூங்கிடுவான்!"

முதலில் கெரூபினா அம்மாளின் சிரிப்பு எழுந்தது. அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. பாஸ்டர் மரத்தைப் பிடித்துக்கொண்டார். எதிர்ச் சாரியில் நின்றவர்கள், "பெரியவர் சொல்றது சரி! வேகமா வாசி அபுந்தியோ!" என்று கத்தினார்கள். தோரிபியோ எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் சுற்றிப் பார்த்தார். புரிந்தபோது காது நுனி சிவந்தது. இருந்தாலும் அவர் பின்வாங்கவில்லை. முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த லாரிக்காரனை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அபுந்தியோ தங்கையைப் பார்த்தான். எவேலியா தலையை ஆட்டினாள்.

அதன் பிறகு அது வேறு பாட்டாகிவிட்டது. நிகாந்த்ரோவின் குச்சிகள் கண்ணுக்கே தெரியவில்லை. மரக்கூடுகளின் அதிர்வு மாவிலைகள் வரை ஏறியது. இரண்டாம் பாகத்துக்கு மெட்டு ஏறியபோது சபைக்கு வார்த்தை தெரியாது. எவேலியா மட்டும் தனியாகப் பாடினாள். கடல் முழங்கட்டும். ஆறுகள் கைதட்டட்டும். அந்த இடத்தில் யாரோ ஒரு பெண் கைதட்டினாள். பக்கத்துப் பெண்ணும் தட்டினாள். சபையில் கைதட்டி யாருக்கும் பழக்கமில்லை. ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், அதற்குள் அவர்கள் கைகளும் சேர்ந்துவிட்டன. தெருவின் அந்தப் பக்கமிருந்தும் தட்டினார்கள். அங்கே நின்ற வாடிக்கைக்காரிகளுக்கு முதல் பாகம் மில்லில் கேட்டுக் கேட்டு மனப்பாடம். திரும்ப எடுத்தபோது அவர்கள் குரல்தான் எல்லோரையும்விட மேலே நின்றது.

எத்தனை முறை பாடினார்கள் என்று யாரும் எண்ணவில்லை. பாஸ்டரின் பிரசங்கம் அன்று மிகச் சின்னதாக இருந்தது. அவர் தயார் செய்ததில் பாதியைச் சொல்லாமலே முடித்துவிட்டார் என்று கெரூபினா பின்னால் சொன்னாள்.

சாப்பாட்டு நேரம் யார் எந்தக் கோயில் என்று யாரும் கேட்கவில்லை. வாழையிலை பொதியைப் பிரித்தால் ஆவி பறந்தது. கோழிக்கறி வைத்து அவித்த சோளமாவுத் தமாலைச் சுடச்சுடத் தின்றார்கள், கொக்கோ கரைத்த குளிர்ந்த சோளக்கஞ்சியைச் சுரைக்குடுக்கையில் ஊற்றிக் குடித்தார்கள். அபுந்தியோ மாமரத்து வேரில் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் தோரிபியோ. பிதென்சியோ எந்தக் கல்யாணத்தில் எப்படி வாசித்தார், எந்த ஊரில் மழையில் நனைந்துகொண்டே வாசித்தார் என்று பெரியவர் சொல்லிக்கொண்டே போனார். மகனுக்கே தெரியாத கதைகள் அவை. எவேலியா குடுக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தாள். அவள் தோள் இரண்டும் வலித்தன. அந்த வலி அவளுக்குப் பிடித்திருந்தது.

"அந்த ஆறு வர்ற இடத்துல என்ன வார்த்தை?" என்று கேட்டான் அபுந்தியோ, அவள் முகத்தைப் பார்க்காமல். "சும்மா தெரிஞ்சிக்கத்தான்."

அவள் வரி வரியாகச் சொன்னாள். அவன் வாயில் தமாலோடு திருப்பிச் சொன்னான். ஓர் இடத்தில் தப்பினான், தோரிபியோ திருத்தினார்.

அப்போது தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. தூரத்துச் சபையொன்றின் லாரி, வழியில் டயர் வெடித்து, அப்போதுதான் வந்து சேர்ந்தது. தலையிலிருந்து கால்வரை தூசி மூடிய சனம் பின்பக்கத்திலிருந்து குதித்து இறங்கியது. பிரித்த இலைகளையும் காலிப் பானைகளையும் பார்த்து அவர்கள் முகம் விழுந்தது.

"முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள் முன்னால் வந்த பெண்.

அபுந்தியோ வாயைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் எழுந்தான்.

"யார் சொன்னது? இப்பத்தானே ஆரம்பிக்கப் போறோம். எவேலியா, வா. நிகாந்த்ரோ, குச்சியை எடு."